மாபிளை விற்கிறோம், அதைக் காக்கும் வழியைச் சொல்கிறோமா?

2017 ஆம் ஆண்டில் ஒரு நாள், மஃரிபுக்குக் கடையைச் சாத்தும் நேரம். எனது வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்றார். கையில் பில் இல்லை, முகத்தில் கோபமும் இல்லை. "காக்கா, ஒருக்கா ஊட்ட வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். அவ்வளவுதான்.

போனேன். கட்டாரில் பதினான்கு வருடம் உழைத்து, மகளுக்கென்று கட்டிய வீடு. எமது கரையோரத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. கலியாணத்துக்குப் பத்து நாள் இருந்தது. மண்டபத்துக்கு மட்டும் இந்திய வெள்ளை மாபிள் போட்டிருந்தார். மற்ற அறைகளுக்கு டைல்ஸ். அந்த வெள்ளை மாபிள் முழுவதும் பால் சிந்திக் காய்ந்தது போல மங்கிக் கிடந்தது. மின்விளக்கைப் போட்டால் ஒரு பக்கம் மினுங்குகிறது, மறுபக்கம் சொரசொரப்பாய் இருக்கிறது.

நடந்தது இதுதான். மேசன்மார் சிந்திவிட்டுப் போன சீமெந்துக் கறையைக் கழுவ என்ன இருக்கிறது என்று என் கடையில் கேட்டிருக்கிறார். பையன் அசிட் போத்தலை எடுத்துக் கொடுத்தான். கல்லாவில் இருந்த நான் தலையை ஆட்டினேன். வீட்டில் தண்ணீரில் கலந்து ஊற்றி, பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். "நல்லா நுரை வந்திச்சி காக்கா, ஊத்தை கிளம்புது எண்டு நினைச்சம்" என்றார் அந்த மனிதர். அங்கே நுரைத்தது ஊத்தை அல்ல. அவர் காசு கொடுத்து வாங்கிய கல்லேதான் கரைந்து நுரைத்தது.

முப்பது வருடமாக ஹாட்வெயார் வியாபாரம் செய்தவன் நான். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, நான் விற்கும் பொருளைப் பற்றி எனக்கே ஒன்றும் தெரியாது என்று. அந்த வெட்கத்தில் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டதை சக வர்த்தகர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

மாபிள் என்பது என்ன?

மாபிள் என்பது சுண்ணாம்புக் கல். பூமிக்கடியில் சூட்டாலும் அழுத்தத்தாலும் உருமாறி இறுகிய சுண்ணாம்புக் கல். விஞ்ஞானத்தில் கல்சியம் காபனேற்று என்பார்கள். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைச் சிப்பியிலும் முருகைக்கல்லிலும் சுட்டெடுக்கிறார்களே, அவையும் அடிப்படையில் இதே பொருள்தான். புளிப்பான எதுவும் இதைத் தின்னும். தேசிக்காய், வினாகிரி, புளி, தயிர், கோலா வகைக் குளிர்பானம் எல்லாமே மெல்ல மெல்லத் தின்னும். அசிட் என்று நாம் விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரே நிமிடத்தில் தின்னும். ஹார்பிக் போன்ற கழிவறைத் திரவங்களில் இருப்பதும் அதே அமிலந்தான்.

எமது நாட்டிலும் மாபிள் உண்டு. மாத்தளை, திகன, பலாங்கொடைப் பக்கங்களில் வெட்டி எடுக்கிறார்கள். அதில் பெரும்பகுதி டொலமைட் வகை. தென்னைக்கு இடும் டொலமைட் தூள் அந்தக் கல்லை அரைத்ததுதான். டொலமைட் வகை அமிலத்துக்குச் சற்றுத் தாக்குப் பிடிக்கும். ஆனால் முற்றாகத் தப்பாது.

அடுத்த விடயம் கல்லின் கடினம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் மாபிளுக்கு 3 தான். எமது கடற்கரை மணலில் இருக்கும் குவார்ட்ஸுக்கு 7. இதன் பொருள் என்ன? பிள்ளைகள் காலில் ஒட்டிக்கொண்டு வரும் கடல் மணல், மாபிளுக்கு மண்தாள் பிடித்துத் தேய்ப்பதற்குச் சமன். கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் வாழும் எங்களுக்கு இது சின்ன விடயமல்ல.

எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்

எமது ஊர்களில் மினுங்குகின்ற தரை எல்லாமே "மாபிள்"தான். உண்மை மாபிளுக்கும் அதே பெயர், கிரனைட்டுக்கும் அதே பெயர், மாபிள் மாதிரிக் கோடு போட்ட போர்சலின் டைல்ஸுக்கும் அதே பெயர். பிழை இங்கேதான் தொடங்குகிறது.

போர்சலின் என்பது சூளையில் சுட்ட மண். வீட்டுப் புளிப்புகள் அதை ஒன்றும் செய்யாது. அசிட் ஊற்றினாலும் டைல்ஸ் பெரும்பாலும் தப்பிவிடும், இடையில் பூசிய சீமெந்துப் பொருத்துத்தான் அரிக்கப்படும். கிரனைட் மாபிளைவிட மிகக் கடினமானது, தேசிக்காய்க்கு அசையாது. ஆனால் உண்மை மாபிளும், மாபிள் தூளைப் பசையில் குழைத்து அச்சில் வார்த்த செயற்கை மாபிளும் அமிலம் பட்டால் கெட்டுவிடும். பக்கத்து வீட்டில் அசிட் போட்டுப் பளபளத்ததே என்று தன் வீட்டுக்கும் போட்டுக் கெடுத்துக்கொள்வது இதனால்தான். பக்கத்து வீட்டில் இருந்தது போர்சலின்.

எது என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. வெட்டிய மிச்சத் துண்டு ஒன்றில் தேசிக்காய்ச் சாறு இரண்டு சொட்டு விடுங்கள். பத்து நிமிடம் கழித்துத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கிய அடையாளம் விழுந்திருந்தால் அது மாபிள். இல்லையென்றால் கிரனைட் அல்லது போர்சலின். டொலமைட் வகையில் அடையாளம் மெல்லியதாகவே விழும், ஆகவே நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்து காட்ட ஒவ்வொரு கடையிலும் ஒரு துண்டுக் கல்லும் ஒரு தேசிக்காயும் இருந்தால் போதும்.

வாடிக்கையாளரிடம் என்ன சொல்ல வேண்டும்?

தினமும் மென்மையான பருத்தித் துணி மொப்பினால் உலரத் துடைத்து மணலை எடுத்துவிட வேண்டும். ஈரத் துணி அதன் பிறகுதான். மணல் இருக்கும்போது ஈரத்தைப் போட்டு இழுத்தால் கீறல் விழும். வாசலுக்கு வெளியே ஒரு கால்மிதி, உள்ளே ஒரு கால்மிதி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் எமது வழக்கமே மாபிளுக்குப் பாதி பாதுகாப்பு. கதிரை, மேசைக் கால்களுக்கு அடியில் தடித்த துணி ஒட்ட வேண்டும்.

கழுவுவதற்கு ஒரு வாளி தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி போதும். கூடினால் படலம் படிந்து தரை மங்கும். இரண்டாவது வாளியில் வெறும் தண்ணீரால் துடைத்து, மூன்றாவதாக உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். உலர விடாமல் ஒற்றுவது ஏனென்றால், எமது கிணற்று நீரில் சுண்ணாம்பும் சில இடங்களில் இரும்பும் கலந்திருக்கும். தானாகக் காய்ந்தால் வெள்ளைத் திட்டும் மஞ்சள் திட்டும் படியும். உடுப்புக் கழுவும் சவர்க்காரத் தூள், தேங்காய்ப் பொச்சு, கம்பிப் பஞ்சு எதுவும் ஆகாது. மினுக்கம் வரட்டும் என்று சிலர் மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார்கள். கல்லுக்குள் நுண்துளை உண்டு, எண்ணெய் உள்ளே இறங்கிக் கல்லைக் கருக்கும்.

ஏதாவது சிந்தினால் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் பரவும். கறை இறங்கிவிட்டால் அதை வெளியே இழுக்கப் பற்றுப் போட வேண்டும். எண்ணெய்க் கறைக்கு அப்பச்சோடாவைத் தண்ணீரில் பசையாய்க் குழைத்துக் கனமாகப் பூசி, பொலித்தீனால் மூடி ஒரு நாள் விட்டு எடுப்பது. தேநீர், மஞ்சள், வெற்றிலைச் சாறு, கலியாண வீட்டில் சிந்தும் மருதோன்றி போன்றவற்றுக்குத் தண்ணீருக்குப் பதிலாக ஹைட்ரஜன் பெரொக்சைட். ஒரு முறையில் போகாவிட்டால் மூன்று முறை போட வேண்டும். நிற மாபிளில் மூலையில் ஓரிடத்தில் பரீட்சித்துப் பார்த்த பிறகே முழுவதற்கும் போட வேண்டும். இரும்புக் கறை மட்டும் மிகப் பிடிவாதமானது. காஸ் சிலிண்டரை மாபிளில் நேரே வைத்தால் அடி வளையம் துருப்பிடித்து வட்டமாக அச்சு விழும். அதை எடுப்பதைவிட ஒரு றப்பர் விரிப்பு வாங்குவது மலிவு.

இன்னொன்று, கறையும் மங்கலும் வெவ்வேறு. கறை என்பது கல்லுக்குள் ஏதோ இறங்கியது. மங்கல் என்பது கல்லே கரைந்தது. கறையைப் பற்றுப் போட்டு எடுக்கலாம். மங்கலை எந்தத் திரவத்தாலும் எடுக்க முடியாது, வைரத் தட்டு பூட்டிய இயந்திரத்தால் படிப்படியாக அரைத்து மெருகேற்றினால்தான் போகும். கல்லின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் என்ற பூச்சு இருக்கிறது. ஒரு துளி தண்ணீர் விட்டுச் சில நிமிடத்தில் கல் கறுத்தால் சீலர் பூசும் காலம் வந்துவிட்டது என்று பொருள். ஆனால் சீலர் கறையைத் தாமதப்படுத்தும், அமிலத்தைத் தடுக்காது. "சீலர் அடிச்சா ஒண்டும் செய்யாது" என்று சொல்லி விற்பது பொய் சொல்லி விற்பதே.

அசிட்டையும் புளீச்சையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. கலந்தால் நச்சான குளோரீன் வாயு வரும். பூட்டிய குளியலறையில் நின்று கழுவுகிற பெண்ணுக்கு அது உயிராபத்து. அதைவிடக் கொடுமை, அசிட்டைப் பழைய குளிர்பானப் போத்தலில் ஊற்றி விற்பது. இதைச் செய்யும் கடைகள் இருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. பிள்ளை ஒன்று தாகத்தில் எடுத்து வாயில் வைத்தால் யார் பொறுப்பு?

கட்டும்போதே கவனிக்க வேண்டியது

கரையோரத்தில் மாபிள் கெடுவதற்குப் பாதிக் காரணம் மேலிருந்து வருவதில்லை, கீழிருந்து வருகிறது. உப்புள்ள மணலில் சீமெந்து குழைத்தால், நிலத்தின் ஈரம் உப்பை மேலே கொண்டு வந்து வெள்ளைப் பூவாய்ப் பூக்கவைக்கும். பிறகு கல்லின் முகமே உதிரும். கழுவிக் கழுவி இதைத் தீர்க்க முடியாது. அடியில் தடித்த பொலித்தீன் விரிப்பு, உப்பில்லாத ஆற்று மணல், வெள்ளை மாபிளுக்கு வெள்ளைச் சீமெந்து, இவற்றைப் போடும் முன்பே சொல்ல வேண்டும். சில வெள்ளை மாபிளில் இரும்புத் தாது கலந்திருக்கும், ஈரம் தொடர்ந்து பட்டால் மஞ்சளாகும். தாழ்ந்த நிலங்களில் வெள்ளம் நிற்பதும் எமக்குப் புதிதல்ல. 2024 நவம்பர் வெள்ளம் எல்லோருக்கும் நினைவிருக்கும். வெள்ளம் வடிந்ததும் சேற்றைத் துடைப்பத்தால் தேய்க்காமல், முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி ஓடவிட வேண்டும்.

சமையலறை மேசைக்கு மாபிள் கேட்டு வந்தால் நான் இப்போது வேண்டாம் என்கிறேன். புளியும் தேசிக்காயும் புழங்காத சமையலறை எமது ஊரில் இல்லை. கிரனைட் எடுங்கள் என்பேன். சில நேரம் இலாபம் குறையும். பரவாயில்லை.

பெரிய இடங்களில் என்ன செய்கிறார்கள்?

தாஜ்மஹால் ராஜஸ்தானின் மக்ரானா மாபிளால் கட்டப்பட்டது. காற்றில் வரும் புகையாலும் தூசியாலும் அது மஞ்சளித்தபோது இந்தியத் தொல்லியல் துறையினர் அசிட் ஊற்றவில்லை. முல்தானி மிட்டி என்ற களிமண்ணைக் குழைத்துச் சுவரில் பூசி, மூடி, காய விட்டு, சுத்தமான நீரால் கழுவி எடுத்தார்கள். 1994 இலும், பிறகு 2001, 2008 ஆம் ஆண்டுகளிலும், 2014 இற்குப் பின்னரும் இதைச் செய்திருக்கிறார்கள். எமது கடைகளில் பெண்கள் முகத்துக்குப் பூச வாங்கும் அதே மண்தான். மேலே சொன்ன பற்றும் இதே முறைதான். காற்றிலுள்ள அமிலமே அந்தக் கல்லுக்குக் கேடு என்றுதான் இந்திய உயர் நீதிமன்றம் 1996 டிசம்பரில், சுற்றியுள்ள 292 தொழிற்சாலைகள் நிலக்கரியை விட்டு எரிவாயுவுக்கு மாற வேண்டும், அல்லது இடம்பெயர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. காற்றில் கலந்த அமிலத்துக்கே அவர்கள் இவ்வளவு பயந்தார்கள். நாமோ போத்தல் போத்தலாக ஊற்றுகிறோம்.

மக்காவில் ஹரம் ஷரீபின் தவாப் தளத்தில் நடு வெயிலிலும் வெறுங்காலோடு நடந்தவர்கள் எமது ஊரில் ஏராளம். அந்த வெள்ளைக் கல் கிரேக்கத்தின் தாசோஸ் தீவிலிருந்து வந்தது. வெயிலை நன்றாகத் திருப்பி அனுப்புவதால் சூடேறுவதில்லை. அங்கே துப்புரவுக்கென்றே பயிற்றப்பட்ட ஊழியர் படை இரவு பகலாக நிற்கிறது. எமது பள்ளிவாசல்களுக்கோ ஊரார் பணம் சேர்த்து மாபிள் போடுவார்கள். கழுவுகிறவரின் கையில் எதைக் கொடுப்பது என்று மட்டும் யோசிப்பதில்லை. ஹவ்ழடியில் பாசி பிடித்தால் உடனே அசிட். நிர்வாக சபைகள் இதைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

எமது பொறுப்பு

"கேட்டான், கொடுத்தேன்" என்பது எமது வழக்கமான பதில். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இன்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி ஒருவர் வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குப் பொருந்த வேண்டும் என்பது அதில் உள்ளார்ந்த நிபந்தனை. "மாபிள் கழுவ" என்று கேட்டவருக்கு அசிட் கொடுத்தேனே, அது எந்தப் பக்கம் விழும்? 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் பாவனையாளரைத் தவறாக வழிநடத்தி விற்பதைத் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், நம்பி வந்த மனிதனுக்கு என்ன பதில்?

"நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவான்" என்பார்கள் சில சகோதரர்கள். உண்மை. வாங்கட்டும். தரை கெட்ட பிறகு யார் எச்சரித்தது, யார் விற்றது என்பது அவனுக்கு நன்றாக நினைவிருக்கும். கல்முனை பெரிய நகரமல்ல. ஒரு வீட்டுக் கலியாணத்தில் நூறு பேர் உட்காரும் மண்டபத்தின் தரைதான் எமது விளம்பரம், நல்லதற்கும் கெட்டதற்கும்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2020 ஏப்ரலில் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளில் டைல்ஸும் அகப்பட்டது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபா வரை ஏறியது. பெயர்த்துவிட்டுப் புதிது போடுவோம் என்று நினைக்கும் நிலை இன்று பலருக்கு இல்லை. இருக்கிற தரையைக் காப்பாற்றவே மக்கள் விரும்புகிறார்கள். அதில் தொழில் இருக்கிறது. மெருகேற்றும் இயந்திரத்தோடு எமது பகுதிக்கு வருகிறவர்கள் அநேகமாக வெளியூர்க்காரர். ஓ.எல். முடித்துவிட்டு மத்திய கிழக்குக்கு விசா தேடி நிற்கும் எமது இளைஞர் இருவர் சேர்ந்து ஓர் இயந்திரம் வாங்கிப் பழகினால், கல்முனையிலிருந்து பொத்துவில் வரை வேலை உண்டு. சீலர், அமிலமற்ற கழுவும் திரவம், மொப், கால்மிதி எல்லாம் திரும்பத் திரும்ப விற்கும் சரக்கு. மாபிள் ஒரு வீட்டுக்கு ஒரு தரம்தான் விற்கும்.

அந்த வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். அடுத்த நாளே வெளியூரிலிருந்து ஆட்களை வரவழைத்தேன். நான்கு நாள் அரைத்தார்கள். பாதிச் செலவு தருகிறேன் என்று அவர் சொன்னார், நான் வாங்கவில்லை. ஆறு மாதம் அசிட் விற்று வந்த இலாபத்தைவிடக் கூடுதலாகப் போனது. கலியாணம் நல்லபடி நடந்தது. ஆனால் அரைத்த கல் அரைத்ததுதான். அந்த மனிதனின் பதினான்கு வருட உழைப்பில் ஒரு மெல்லிய படையை என் கடைப் போத்தல் தின்றுவிட்டது. அதை எந்தக் காசாலும் திருப்பி ஒட்ட முடியாது.

இப்போது என் கடையில் அசிட் கீழ்த் தட்டில் இல்லை. கம்பனிப் போத்தலில், உள்ளே, பூட்டி இருக்கிறது. கேட்டு வந்தால் பையன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "தரை என்ன கல்?" என்பது. தெரியாது என்றால் துண்டொன்றைக் கொண்டுவரச் சொல்வான். மாபிள் வாங்குகிறவருக்குப் பில்லோடு ஓர் அரைப் பக்கத் தாள் கொடுக்கிறோம். எது போடலாம், எது போடக் கூடாது என்று பெரிய எழுத்தில் தமிழில் அடித்தது. அச்சுச் செலவு தேநீர்க் காசுதான். சகோதர வர்த்தகர்களுக்கு அந்தத் தாள் வேண்டுமென்றால் தாராளமாகப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். கடையின் பெயரை வெட்டிவிட்டு உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை.

நாளைக் காலையில் கடையைத் திறந்ததும், அசிட் போத்தல் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.